வஜ்ரேஸ்வரி வெந்நீரும் வயதானவர்களின் இதயமும்

ஊரிலிருந்து அப்பா, அம்மா மும்பைக்கு வந்தால் மகாலட்சுமி கோவில், சித்தி விநாயகர் கோவில், மாட்டுங்கா ஆஸ்திக சமாஜம் என்று அழைத்துப் போய்க் காட்டுகிறோம். இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம் இருந்தால், அடுத்தது வஜ்ரேஸ்வரி. "அங்கே வெந்நீர் ஊற்று இருக்கிறது. ஒரு முறை உட்கார்ந்து எழுந்தால் முட்டி வலி பறந்துவிடும்" என்று சாலில் பக்கத்து அறைக்காரர் சொல்லியிருப்பார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதியைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

அந்த வெந்நீர் கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. நல்ல உடல்நிலையில் இருப்பவர்கள் பத்து நிமிஷம் குளித்துவிட்டு ஏறினால் அதைவிடச் சுகம் வேறு இல்லை. ஆனால் நாம் அங்கே அழைத்துப் போவது பெரும்பாலும் யாரை? அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்களை. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களை. சர்க்கரை வியாதிக்காரர்களை. ஒரு தடவை நெஞ்சு வலி வந்து பிழைத்தவர்களை. அவர்கள் கழுத்தளவு சுடுநீரில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, பிறகு சட்டென்று எழுந்து நிற்கும்போது மயக்கமும், சில வேளைகளில் மாரடைப்பும் பக்கவாதமும் வரக்கூடும் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

தான்சா நதிக்கரையில்

வஜ்ரேஸ்வரி, தாணே மாவட்டம் பிவண்டி தாலுகாவில் தான்சா நதிக்கரையில் உள்ளது. மேற்கு ரெயில்வேயில் விரார் அல்லது வசாய் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் அங்கிருந்து சாலை வழியாகச் சுமார் 30 கிலோ மீட்டர். மராட்டியத் தளபதி சிமாஜி அப்பா, போர்ச்சுகீசியர் வசம் இருந்த வசாய் கோட்டையைப் பிடிக்கப் போகும்போது, வெற்றி கிடைத்தால் தேவிக்குக் கோவில் கட்டுவதாக வேண்டிக்கொண்டார் என்பது வரலாறு. 1739-ல் கோட்டை விழுந்தது. கோவில் எழுந்தது. கோட்டைச் சுவர் போலவே உயரமான முகப்பும் படிக்கட்டும் கொண்ட கோவில் அது.

கோவிலிலிருந்து சிறிது தூரத்தில் அக்லோலி. அங்கே ஆற்றோரமும் சிவன் கோவில் முன்பும் கல் கட்டிய தொட்டிகளில் வெந்நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. குண்டம் என்கிறார்கள். அதற்கும் அப்பால் கணேஷ்புரி. கேரளத்தில் பிறந்து, 1936-ல் அங்கே வந்து தங்கி, 1961 ஆகஸ்டில் சமாதியான நித்யானந்த சுவாமியின் தலம் அது. அங்கே பீமேஸ்வரர் கோவிலை ஒட்டியும் குண்டங்கள் உண்டு. ஒன்று வெதுவெதுப்பு, ஒன்று சூடு, ஒன்று கால் வைக்கவே யோசிக்க வேண்டிய சூடு. குண்டத்தில் குளித்துவிட்டு சமாதி தரிசனம் செய்வது பக்தர்களின் வழக்கம். தென்னாட்டுக்காரர்கள் அதிகம் வருகிற இடம் என்பதால் அங்கே தமிழும் மலையாளமும் கன்னடமும் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

தேவி வதம் செய்த அரக்கர்களின் ரத்தமே வெந்நீராக வருகிறது என்பது தல புராணம். பூமிக்கடியில் எரிமலை இருக்கிறது என்பது படித்தவர்கள் சொல்லும் கதை. இரண்டாவது கதையும் சரியல்ல. இந்தப் பகுதியின் கருங்கல் பாறைகள் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானவைதான். ஆனால் அந்த எரிமலைகள் ஏறக்குறைய ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே அணைந்துவிட்டன. மழை நீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோ மீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி வரை சூடு கூடும். அப்படிச் சூடேறிய நீர் வேறொரு வெடிப்பின் வழியே மேலே வருகிறது. பால்கர், தாணே மாவட்டங்களில் தொடங்கி ராய்கட், ரத்னகிரி வரை கொங்கணக் கரையில் இப்படி வரிசையாக ஊற்றுகள் உள்ளன. ரத்னகிரி மாவட்டத்து உன்ஹவரே, அராவலி, துரல், ராஜாபூர் எல்லாம் இந்த வரிசைதான். இவற்றில் நீரின் சூடு 40 டிகிரியிலிருந்து 70 டிகிரி வரை இடத்துக்கு இடம் மாறுகிறது.

இந்த 40 என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டிகளுக்கு அந்நாட்டு அரசின் பாதுகாப்பு ஆணையம் பரிந்துரைத்துள்ள உச்ச வரம்பு அதுதான். அங்கே எது மேல் எல்லையோ, கொங்கணத்து ஊற்றுகளில் அதுவே கீழ் எல்லை.

உடம்புக்குள் நடப்பது என்ன?

நம் உடம்பின் இயல்பான சூடு 37 டிகிரி. அதைவிடச் சூடான நீரில் இறங்கியதும், முதல் ஓரிரு நிமிஷம் ரத்த அழுத்தம் திடுக்கென்று ஏறுகிறது. சூடு பட்ட அதிர்ச்சி அது. பிறகு உடம்பு, உள்ளே ஏறும் சூட்டை வெளியே தள்ளப் பார்க்கிறது. தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்புவதுதான் அதற்குத் தெரிந்த வழி. தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. குழாய்கள் விரிந்தால் அழுத்தம் இறங்கும். அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கத் தொடங்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதரின் இதயம், மாடிப்படி ஏறுகிறவரின் இதயம் போல வேலை செய்கிறது. அவருக்கு அது தெரிவதில்லை. சுகமாக இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

வெயிலில் நின்றால் வியர்வை காய்ந்து உடம்பு குளிரும். தண்ணீருக்குள் வியர்வை காய வழியில்லை. வியர்க்கும், ஆனால் குளிராது. வியர்வையாக நீர் மட்டும் போய்க்கொண்டிருக்கும். தண்ணீரிலேயே உட்கார்ந்திருப்பதால் தாகமும் உறைக்காது. இப்படி அரை மணி நேரம் போனால் உடம்பில் நீர் குறைந்து ரத்தம் கெட்டிப்படும். குழாய் அடைப்புக்கு அது வசதி.

மூன்றாவதாக ஒன்று உண்டு. தண்ணீருக்கு எடை இருக்கிறது. கழுத்தளவு நீரில் உட்கார்ந்தால் அந்த எடை கால்களையும் வயிற்றையும் அழுத்தி, அங்கே தங்கியிருக்கும் ரத்தத்தில் அரை லிட்டருக்கும் மேலாக நெஞ்சுக்குத் தள்ளுகிறது. பலவீனமான இதயத்துக்கு இது தாங்க முடியாத சுமை. மூச்சு வாங்குவது இதனால்தான். சட்டென்று எழுந்து படியேறினால் அழுத்தம் ஒரே நொடியில் விலகிப்போகிறது. விரிந்து கிடக்கும் குழாய்களுக்குள் ரத்தம் மளமளவென்று காலுக்கு இறங்கிவிடுகிறது. மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் குறைகிறது. கண் இருட்டுகிறது. பாசி படிந்த கல் படியில் கண் இருட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நல்ல இதயம் இதையெல்லாம் சமாளித்துவிடும். ஏற்கெனவே குழாய் சுருங்கிப்போன இதயத்துக்குத்தான் கஷ்டம். இதயத் தசை தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு இடையே ஓய்வு கொள்ளும் கணத்தில்தான் பெறுகிறது. துடிப்பு வேகம் கூடினால் அந்த ஓய்வு நேரம் குறைகிறது. வேலை அதிகம், சாப்பாடு குறைவு. கூடவே ரத்த அழுத்தமும் இறங்கினால் மாரடைப்புக்கு வழி பிறக்கிறது. கழுத்துக் குழாய்கள் சுருங்கியவருக்கு இதே காரணத்தால் பக்கவாதம் வரலாம்.

ஆற்றில் ஒரு முழுக்கு

அக்லோலியில் இன்னொரு ஆபத்தான பழக்கம் உண்டு. குண்டத்தில் வெந்துபோய் எழுந்தவர்கள், பக்கத்திலேயே ஓடும் தான்சா ஆற்றில் தொப்பென்று விழுந்து ஒரு முழுக்குப் போடுகிறார்கள். வாலிபர்களுக்கு அது விளையாட்டு. குளிர்காலத்து விடியற்காலையில் ஆற்று நீர் சில்லென்று இருக்கும். அதுவரை விரிந்திருந்த ரத்தக் குழாய்கள் ஒரே நொடியில் சுருங்கும். ரத்த அழுத்தம் குப்பென்று மேலே ஏறும். மூளையில் நைந்துபோன சிறு குழாய் இருந்தால் அது வெடிக்க அந்த ஒரு நொடி போதும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வெந்நீருக்கும் தண்ணீருக்குமாக மாறி மாறிப் போகவே கூடாது என்பது இதய நோய் வல்லுநர்களின் கண்டிப்பான யோசனை.

முட்டி லேசாவுது

ஜனவரி மாதத்து ஞாயிறு ஒன்றில் அக்லோலிக்குப் போயிருந்தேன். காலை எட்டு மணிக்கே நல்ல கூட்டம். தாராவியிலிருந்து வந்த ஒரு குடும்பம். மகனுக்கு நாற்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்த தகப்பனாருக்கு எழுபது இருக்கும். கழுத்தளவு நீரில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முகம் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது.

"அப்பா, போதும், ஏறுங்க" என்றார் மகன்.

"இருல. இப்பத்தான் முட்டி லேசாவுது" என்றார் அவர்.

மகன் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். பெரியவர் அசையவில்லை. பக்கத்தில் இருந்த ஒருவர் இந்தியில், "சூட்டைத் தாங்கிக்கொண்டால்தான் வியாதி போகும்" என்று தைரியம் சொன்னார். கடைசியில் பெரியவர் எழுந்து இரண்டு படி ஏறினார். மூன்றாவது படியில் கை காற்றில் துழாவியது. மகன் பாய்ந்து பிடித்துக்கொண்டதால் தலை கல்லில் மோதவில்லை.

உடனே நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். "சாமி வந்திருக்கு" என்றார் ஒருவர். "பித்தம்" என்றார் இன்னொருவர். நல்லவேளையாக ஒரு அம்மாள், நர்ஸாக இருக்க வேண்டும், எல்லோரையும் விலக்கி அவரைத் தரையிலேயே படுக்கவைத்துக் கால்களை ஒரு மூட்டை மேல் தூக்கி வைத்தார். ஐந்து நிமிஷத்தில் பெரியவர் கண் விழித்தார். காலையில் மாத்திரை சாப்பிட்டாரா என்று அந்த அம்மாள் கேட்டார். கோவிலுக்குப் போகிற நாள் ஆயிற்றே, பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை என்றார் மகன். ரத்தக் கொதிப்பு மாத்திரை வீட்டில் அலமாரியில் இருந்தது.

இந்த மாத்திரை விஷயம் நம்மவர்களிடம் மிகவும் பரவலானது. கோவிலுக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும். வெறும் வயிற்றில் மாத்திரை போட முடியாது. ஆகவே மாத்திரை கட். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, முதல் லோக்கலைப் பிடித்து, விராரில் இறங்கி பஸ்ஸுக்கு நின்று, குண்டத்தில் இறங்கும்போது வயிறு காலி, உடம்பில் நீர் இல்லை, ராத்திரித் தூக்கம் பாதி. இந்த நிலையில் சுடுநீரில் உட்காருகிறார்கள்.

அடிக்கடி சிறுநீர் போகச் செய்யும் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நாக்குக்கடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரை உபயோகிக்கிறவர்கள் ஆகியோருக்கு வேறு விதமான எச்சரிக்கை தேவை. அந்த மருந்துகளும் ரத்த அழுத்தத்தை இறக்குகின்றன. வெந்நீரும் இறக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் மயக்கம் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். அதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுக் குளியலைக் குறைக்க வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கு உடம்பு சூடேறினால் அது ரத்தத்தில் வேகமாகக் கலந்து சர்க்கரை தாழ்ந்துபோகலாம். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்கு நீரின் சூடே தெரியாது. கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியும்.

குடித்துவிட்டு இறங்குகிறவர்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. சாராயமும் ரத்தக் குழாய்களை விரிக்கிறது, உடம்பு நீரை வடிக்கிறது. போதையில் தூங்கிப்போனவர் தண்ணீருக்குள்தான் தூங்குகிறார். கோவில் தலம் என்றாலும் சுற்றிலும் ஓட்டல்களும் விடுதிகளும் வந்துவிட்ட இந்தக் காலத்தில் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

ஜப்பானியர் கற்ற பாடம்

வெந்நீர்க் குளியலை உயிராக நேசிக்கும் மக்கள் ஜப்பானியர். அந்த நாட்டில் ஆயிரக்கணக்கான வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. வீட்டிலும் தினமும் இரவில் தொட்டி நிறைய வெந்நீர் விட்டுக் கழுத்தளவு உட்காருவார்கள். அங்கே குளியல் சம்பந்தமாக ஆண்டுக்குச் சுமார் 19 ஆயிரம் பேர் இறப்பதாக அரசு உதவியுடன் நடந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. பெரும்பாலோர் வயதானவர்கள். பெரும்பாலும் குளிர்காலத்தில், அதுவும் வீட்டுக் குளியலறையில்தான். குளிர்ந்த அறையில் உடை களைந்து, கொதிக்கும் தொட்டியில் இறங்கி, மறுபடி குளிருக்குள் வரும்போது ரத்த அழுத்தம் ஏறி இறங்கி ஏறுவதே காரணம் என்று கண்டார்கள். பலர் மயங்கித் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிப்போகிறார்கள்.

ஆனால் இதே ஜப்பானில் 40 முதல் 59 வயது வரையுள்ள சுமார் 30 ஆயிரம் பேரை 1990 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கவனித்து, 2020-ல் வெளியிட்ட ஆராய்ச்சி வேறொன்றும் சொல்கிறது. தினமும் வெந்நீர்த் தொட்டியில் குளிப்பவர்களுக்கு, வாரம் இரண்டு தடவைக்கு மேல் குளிக்காதவர்களைவிட இதய நோயும் பக்கவாதமும் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக இருந்தன. நல்ல உடம்போடு இருப்பவர்கள்தான் தினமும் குளிக்கிறார்கள் என்றும் இதற்கு அர்த்தம் இருக்கலாம். எப்படியானாலும் வெந்நீர் என்றாலே எமன் என்று பயப்பட வேண்டியதில்லை. அளவாகச் சூடு, அளவாக நேரம் என்று பழகினவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள்.

அந்நாட்டு அரசு மக்களுக்குச் சொல்லும் அளவு இதுதான்: நீரின் சூடு 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார வேண்டாம். ஊற்றுக் குளியல் இடங்களில் யார் யார் இறங்கக் கூடாது என்று பலகை வைக்க வேண்டும் என்பது அங்கே 1948-ம் ஆண்டுச் சட்டம். கடுமையான இதய நோய் உள்ளவர்கள் அந்தப் பலகையில் இடம்பெறுகிறார்கள். தொட்டியில் இறங்கும் முன் வெந்நீரை மொண்டு முதலில் காலில், பிறகு மேலே மேலே என்று உடம்பில் ஊற்றிக்கொள்வதும் அவர்கள் வழக்கம். உடம்புக்குச் சூடு முன்கூட்டியே அறிமுகமாகிவிடுகிறது.

பத்ரிநாத் போகிறவர்களுக்கு

வஜ்ரேஸ்வரி கடல் மட்டத்துக்குப் பக்கத்து ஊர். இதே வெந்நீர் மலை உச்சியில் இருந்தால் விஷயம் இன்னும் கடினம். மும்பையிலிருந்து வடக்கே யாத்திரை போகும் நம்மவர்கள் ஆண்டுதோறும் பெருகிவருவதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. பத்ரிநாத்தில் அலக்நந்தா கரையில் உள்ள தப்த குண்டத்தில் குளித்துவிட்டுத்தான் பெருமாளைச் சேவிப்பது மரபு. நீர் 45 டிகிரி அளவுக்குச் சூடு. வெளியே எலும்பை உறைய வைக்கும் குளிர். இடமோ 3 ஆயிரத்து 100 மீட்டர் உயரம். ஒவ்வொரு மூச்சிலும் மும்பையில் கிடைக்கும் பிராண வாயுவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். யமுனோத்ரியில் சூரிய குண்டத்துத் தண்ணீரில் அரிசியைத் துணியில் முடிந்து விட்டால் வெந்துவிடும், அதுவே பிரசாதம். அங்கே குளிப்பதற்கு வேறு குண்டம் இருக்கிறது. மலைப்பாதை ஏறிய களைப்போடு இளைக்க இளைக்க அதில் இறங்குகிறார்கள்.

2022-ம் ஆண்டு சார்தாம் யாத்திரையில் 200-க்கும் அதிகமான யாத்ரீகர்கள் உடல்நிலை கெட்டு இறந்தார்கள். அவர்களில் மிகப் பலருக்கு மாரடைப்பு என்று செய்திகள் வந்தன. குண்டத்தில் குளித்ததால் இறந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. உயரம், குளிர், ஏற்றம், ஓய்வில்லாத பயணம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. அப்படி ஏற்கெனவே திணறும் இதயத்துக்கு மேலே ஒரு சுமை வேண்டுமா என்பதுதான் கேள்வி. போய்ச் சேர்ந்த அன்றே குண்டத்தில் முழுகாமல் ஒரு நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொள்ளலாம். வயதானவர்கள் சொம்பில் மொண்டு வெதுவெதுப்பாக விளாவி ஊற்றிக்கொண்டாலும் தீர்த்தம் தீர்த்தம்தான். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எப்படிக் குளிக்கலாம்?

குழந்தையைக் குளிப்பாட்டும் முன் தாய்மார்கள் முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பார்கள். குண்டத்திலும் அதையே செய்யலாம். முழங்கை பொறுக்காத நீரில் பெரியவர்களை இறக்காதீர்கள். பொறுக்கும் என்றால் முதலில் காலில் ஊற்றி, படியில் உட்கார்ந்து, இடுப்பளவு இறங்கினால் போதும். நெஞ்சுக்கு மேல் நீர் வேண்டாம். முட்டி வலிதான் குறை என்றால் முட்டி மட்டும் நனைந்தால் போதாதா? வெந்நீர் மூட்டு வலிக்கு ஓரளவு ஆறுதல் தருவது உண்மைதான். ஆராய்ச்சிகளும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் அதற்கு இதயத்தை முக்கி எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

பத்து நிமிஷம் ஆனதும் எழுப்பிவிடுங்கள். எழுந்து நேராக நிற்க விடாமல் முதலில் படியில் ஒரு நிமிஷம் உட்காரச் சொல்லிப் பிறகு கை கொடுத்துத் தூக்குங்கள். துண்டு தயாராக இருக்கட்டும். ஈரத்தோடு குளிர் காற்றில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதைத் துவட்டிய பிறகு வைத்துக்கொள்ளலாம். இறங்கும் முன்பு ஒரு டம்ளர், ஏறிய பின்பு ஒரு டம்ளர் தண்ணீர். காலையில் இரண்டு இட்லியோ ஒரு பாவோ சாப்பிட்டுவிட்டு மாத்திரையும் போட்டிருக்க வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டால் ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், நடந்தாலே நெஞ்சு வலிப்பவர்கள், இதயம் பலவீனப்பட்டு கால் வீங்கியிருப்பவர்கள், கட்டுக்கடங்காத ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் குண்டத்தில் இறங்குவதற்கு முன் தங்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார். கர்ப்பிணிகளையும் அவ்வளவு சூட்டில் உட்கார வைக்கக் கூடாது.

வாயு என்று விட்டுவிடாதீர்கள்

மாரடைப்புக்கு முக்கிய அடையாளம் நெஞ்சை அழுத்தும் வலியும் திடீர் வியர்வையும். குண்டத்தில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. ஆகவே அந்த அடையாளம் அங்கே பயன்படாமல் போகிறது. நெஞ்சு கனம், இடது கையிலோ தாடையிலோ முதுகிலோ பரவும் வலி, மூச்சுத் திணறல், குமட்டல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் வரும். நம் வீடுகளில் இதற்குப் பெயர் வாயு. கோலி சோடா, ஓமத் தண்ணீர், பெருங்காயம் என்று ஒரு மணி நேரம் போய்விடும். பறிபோகும் அந்த ஒரு மணி நேரம்தான் உயிரைக் காப்பாற்றக் கிடைத்திருந்த நேரம்.

பக்கவாதத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தொங்குகிறதா? பெயரைக் கேளுங்கள், நாக்கு குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. வாயில் தண்ணீரோ காபியோ ஊற்றாதீர்கள். தொண்டை வேலை செய்யாமல் மூச்சுக் குழாயில் போய்விடும். ரத்தம் இளக்கும் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். மூளையில் ரத்தக் கசிவாக இருந்தால் நிலைமை மோசமாகும். எந்த நிமிஷத்தில் ஆரம்பித்தது என்று கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

ஏனென்றால், மூளைக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வஜ்ரேஸ்வரியிலிருந்து பிவண்டி வழியாகத் திரும்பிப் பார்த்தவர்களுக்கு லாரி நெரிசல் தெரியும். சயான் ஆஸ்பத்திரிக்கோ பரேல் கே.இ.எம்.முக்கோதான் போவோம், அங்கே நமக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று டாக்சியைத் திருப்பினால் வழியிலேயே பாதி நேரம் போய்விடும். லோக்கல் ரெயிலில் ஏற்றிக் கூட்டி வரலாம் என்பது இன்னும் மோசமான யோசனை. ஸ்டேஷனுக்கு வருவதற்கே ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம் மேம்பாலப் படி, அதற்கு மேல் விரார் கூட்டம்.

மராட்டிய மாநிலத்தில் 108 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். 2014 முதல் நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு இது. இந்தி, மராட்டி தெரியாத பெரியவர்களைத் தனியாக அனுப்புகிறவர்கள் இந்த எண்ணையும், அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களையும், வீட்டுப் போன் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்து அனுப்பலாம். துணி மாற்றும்போது சட்டை கரையில் கிடக்கும். யாராவது எடுத்துப் பார்ப்பார்கள்.

அக்லோலியில் மயங்கிய பெரியவர் அன்று மத்தியானம் நடந்தேதான் பஸ் ஏறினார். கணேஷ்புரியும் பார்க்க வேண்டும் என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குண்டத்தில் இறங்காமல் சமாதியை மட்டும் பார்க்கலாம் என்று அப்பாவும் மகனும் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள்.